தீர்ப்பு ஒத்திவைப்பு

ஜனவரி 11, சனி

காலை ஆறு பத்துக்கு எழுந்தேன். நீதிமன்றம் விடுமுறை. இரண்டு வாளித் துணி துவைத்து மாடியில் போட்டேன். பதினொன்றரைக்கு மழை, எடுத்தேன். பன்னிரண்டுக்கு வெயில், மறுபடி போட்டேன்.

மாலை நேரச் சட்டக் கல்லூரிக்கான விண்ணப்பம் பதிவுத் தபாலில் போனது. வயது: 44. உச்ச வரம்பு: 44. நுழைவுத் தேர்வு ஏப்ரல் 27. மூன்று மணி நேரம், ஒரே தலைப்பு, ஒரு கட்டுரை. இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான், கதவு சாத்தியாச்சு.

அவரிடம் சொன்னேன். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வந்த அலுப்பிலும் சிரித்தார். "பத்தொன்பது வருஷமா கோர்ட்ல டைப் அடிக்கிறே. ஒரு கட்டுரை உனக்கு ஜுஜுபி" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று மணிக்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கும் தாள் வெள்ளையாகவே இருந்தது. நீதிபதி சொல்வதை அடிப்பேன். வக்கீல் சொல்வதை அடிப்பேன், சாட்சி அழுதால் "சாட்சி அழுதார்" என்றும் அடிப்பேன். நானாக ஒரு வரி எழுதியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. இந்த நாட்குறிப்பே என்ன லட்சணம்? துணி போட்டேன், எடுத்தேன், போட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

அவர் சொன்னது: "என் தங்கச்சிகிட்ட கேளேன். ஸ்கூல்ல அதைத்தானே சொல்லிக் குடுக்கிறா." நான் ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன்.

ஜனவரி 14, செவ்வாய்

நாத்தனாருக்குக் குடும்பத்தில் 'கறார்' என்று பெயர். அவளுக்கும் தெரியும். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத் தருகிறாள். இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி, இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறாள். ஏழு வருடமாக அப்படித்தான்.

எங்களுக்குள் சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. விசேஷத்தில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா அண்ணி", "சாப்பிட்டேன்மா". அதோடு சரி.

இன்று தொலைபேசியில் கேட்டேன். எந்தத் தேர்வு, எப்போது என்று கேட்டாள். பிறகு, "சனிக்கிழமை மூணு மணி. நோட்டு கொண்டாங்க. பழம் கிழம் வாங்கிட்டு வந்து நிக்காதீங்க, இது பொண்ணு பார்க்கிற வைபவம் இல்லை" என்றாள்.

ஜனவரி 18, சனி

பழம் வாங்காமல் போனேன். கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். ஒரு தலைப்பு கொடுத்து ஒரு மணி நேரம் எழுதச் சொன்னாள்: நகரத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டுமா? நான் மூன்று பக்கம் எழுதினேன். வேகத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. மனதுக்குள் கொஞ்சம் மிதப்புத்தான்.

அவள் சத்தமாக வாசித்தாள். "சைக்கிள் தரப்பினர் கூறுவதாவது." அடுத்த பக்கம், "மோட்டார் வாகனத் தரப்பினர் இதனை மறுத்துக் கூறுவதாவது." மூன்றாம் பக்கத்தின் கடைசிக்கு வந்தபோது அவள் குரல் நடுங்கியது. "இரு தரப்பையும் விரிவாகக் கேட்டறிந்தோம். தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது."

தாளை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருடம்! எனக்குக் கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணி, பாதை வேணுமா வேண்டாமா?"

"அதை நான் எப்படிம்மா சொல்றது?"

"நீங்க சொல்லாம, எதிர்வீட்டு மாமியா வந்து சொல்லுவாங்க?"

ஜனவரி 25, சனி

இன்று கற்றது ஒரே ஒரு சொல். மையக்கருத்து. கட்டுரை முழுக்க எதை நிரூபிக்கப் போகிறதோ, அந்த ஒரு வாக்கியம். அது தலைப்பு அல்ல. 'சைக்கிள் பாதை' என்பது தலைப்பு. 'சைக்கிள் பாதை வேண்டும், ஏனென்றால் நடப்பவருக்கும் அதுதான் பாதுகாப்பு' என்பது மையக்கருத்து. யாராவது ஒருவர் எழுந்து "இல்லை" என்று சொல்ல இடமிருக்க வேண்டுமாம். யாருமே மறுக்க முடியாத வாக்கியம் என்றால் அதற்கு எதற்குக் கட்டுரை என்கிறாள். என்ன ஒரு மூளை!

வீட்டுப்பாடம்: பத்து மையக்கருத்து. ஐந்து எழுதினேன். ஐந்திலும் 'எனத் தெரிகிறது', 'எனக் கூறப்படுகிறது' என்று வாலைச் சேர்த்திருக்கிறேன். யார் கூறுகிறார்கள்? நான்தானே?

பிப்ரவரி 1, சனி

எழுதுவதற்கு முன்னால் மனதில் உள்ளதையெல்லாம் கொட்ட வேண்டுமாம். பத்து நிமிடம், பேனாவைத் தூக்கக் கூடாது. ஒழுங்கு வேண்டாம், வாக்கியம் வேண்டாம். நான் இரண்டாவது நிமிடமே பேனாவைத் தூக்கிவிட்டேன்.

"என்ன யோசனை?"

"இது உண்மையான்னு தெரியலை. அதான்."

"உங்களை யாரும் கூண்டுல ஏத்திச் சத்தியம் வாங்கலை அண்ணி. கொட்டுங்க. பொறுக்கறது அப்புறம்."

கொட்டியதிலிருந்து பொறுக்கி, ஒன்றோடொன்று சேர்வதைச் சேர்த்து, எது முதலில் எது பின்னால் என்று வரிசை போட்டால் அதுதான் குறிப்புச்சட்டகம். பள்ளியில் 'முன்னுரை, பொருளுரை, முடிவுரை' என்று மனப்பாடம் செய்து பத்துக்கு எட்டு வாங்கியிருக்கிறேன். அது எழுதுவதற்கு முன் யோசிப்பதற்கான ஏற்பாடு என்று எந்தப் புண்ணியவானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, சனி

அவமானம். ஆனால் எழுதி வைக்கிறேன்.

முதல் வரைவு கொண்டுபோனேன். அவள் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "ஓரத்துல என்ன இது, எறும்பு ஊர்ந்த மாதிரி?"

கோடு போட்டு அடித்த ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். எங்கள் ஆவணத்தில் ஒரு சொல்லை அடித்தால், அடித்தது யார் என்று ஓரத்தில் சின்னக் கையெழுத்து வைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் யாரோ பின்னால் மாற்றியதாக ஆகிவிடும். கை தானாக வைத்திருக்கிறது. முப்பத்தொரு இடம்.

"அண்ணி, வரைவுன்னா அடிக்கிறதுக்குத்தான். இதுல ஒளிக்கவும் ஒண்ணுமில்லை, கையெழுத்துப் போட்டு ஒத்துக்கவும் ஒண்ணுமில்லை."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அதைப் பார்த்தாளோ என்னவோ, உள்ளே போய்ப் பழைய கோப்பு ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். போன வருடம் பள்ளிக் காவலாளி ஓய்வு பெற்றபோது அவள் வாசித்த பாராட்டுரை, இரண்டே பக்கம். அதற்கு ஏழு வரைவு.

முதல் வரைவு சகிக்கவில்லை. 'அவர் நல்லவர், கடமை தவறாதவர்.' யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். மூன்றாவதில்தான், தாமதமாக வரும் பிள்ளைகள் சொல்லும் சாக்குகளை எல்லாம் அவர் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருந்தது வருகிறது. ஐந்தாவதில் முதல் பக்கத்தை முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த நோட்டிலிருந்தே தொடங்குகிறாள். ஆறாவதில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று இருந்தது. ஏழாவதில் அதைக் காணோம்.

"ஏம்மா எடுத்தே? நல்லா இருந்துதே!"

"நல்லா இருந்துது. ஆனா அது என்னைக் காட்டிச்சு, அவரைக் காட்டலை."

பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும். கறார் என்று பெயர் வைத்தோமே, அந்தக் கறாரை முதலில் அவள் தன் எழுத்தின் மேல்தான் காட்டுகிறாள். எனக்கு அவளை இத்தனை வருடம் தெரியாது என்பதுதான் உண்மை.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று ஐயா, அதாவது எங்கள் நீதிபதி, சுவர் வழக்கில் தீர்ப்பு சொல்லச் சொல்ல அடித்தேன். அண்ணன் தம்பி, நடுவில் ஒரு மதில், பதினோரு வருட வழக்கு.

"இவ்வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்றே" என்று ஆரம்பித்தார். என் விரல் ஒரு கணம் நின்றது. அட, முன்னுரை! அப்புறம் ஒரு பத்திக்கு ஒரு காரணம். ஒவ்வொரு பத்தியிலும் முதல் வாக்கியம் தலைமை தாங்குகிறது, மற்றவை அதன் பின்னால் வருகின்றன. சொன்னதற்கெல்லாம் சான்று. தோற்கப் போகிற தம்பியின் வாதத்தை அந்தத் தம்பியின் வக்கீலைவிடப் பலமாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் பதில் சொன்னார். நாத்தனார் போன வாரம் எதிர்வாதம் என்று சொன்னாளே, அது இதுதான். நடுவில் இரண்டு முறை, "அதை அடிச்சு எடுத்துடுங்க, வேற மாதிரி சொல்றேன்" என்றார். வாயாலேயே வரைவு போடுகிறார் மனிதர்.

பத்தொன்பது வருடமாக என் விரல் வழியாகத்தான் இதெல்லாம் போனது. நான் வாசித்ததே இல்லை.

மதியம் நீதிமன்றக் காப்பகத்தில் பழைய தீர்ப்புகள் நான்கை எடுத்து, நாவல் மாதிரி உட்கார்ந்து படித்தேன். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே மறந்தேன். எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள்!

மார்ச் 1, சனி

அவர்தான் என் வாசகர் இப்போது. நாத்தனார் சொன்ன வழி: வாசித்துக் காட்டு, பிறகு "நான் என்ன சொன்னேன்" என்று கேள். அவர் திருப்பிச் சொல்வது என் மையக்கருத்து இல்லையென்றால், தப்பு அவர்மேல் இல்லை. பாவம், லென்ஸ் தேய்த்த மனுஷனைத் தினமும் பிடித்து வைத்துச் சோதனை செய்கிறேன். "வக்கீலம்மா, முதல்ல சோத்தைப் போடு, அப்புறம் முடிவுரை" என்கிறார்.

மார்ச் 8, சனி

இனி போகமாட்டேன்.

தலைப்பு: குடும்பத்தில் பிரச்சினை வந்தால் பெரியவர்கள் தலையிடலாமா? ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தலையிடலாம், அளவோடு. தலையிடாமலும் இருக்கலாம், சூழ்நிலையைப் பொறுத்து.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல், அந்தத் தாளைப் பார்த்தே பேசினாள். "ஒன்பது வருஷம் முன்னாடியும் இதேதான் சொன்னீங்க."

நான் நோட்டின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

"கூடத்துல எல்லாரும் உட்கார்ந்து என்னைத் திரும்ப என் புருஷன் வீட்டுக்கு அனுப்பறதான்னு பேசினாங்க. அப்பா, பெரியப்பா, அண்ணன்... யாருக்கும் தெரியாது. என் கையைப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான். அப்பா உங்களைக் கேட்டாரு. 'நான் என்ன சொல்றது, ரெண்டு பக்கமும் யோசிக்கணும்'னீங்க. நான் உங்க முகத்தையே பார்த்துட்டு இருந்தேன் அண்ணி."

நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை வந்திருக்கிறேன்.

ஏன் இப்ப சொல்லணும்? நான் என்ன அவளை அனுப்பி வச்சேனா? எனக்கு அந்த வீட்டுல என்ன பேச்சு இருந்துச்சு? மருமக நான் — வாயைத் திறந்தா 'வந்தவ பிரிக்கிறா'ன்னு சொல்லியிருப்பாங்க. அவளே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லலை? பயம். அப்ப எனக்கு மட்டும் பயம் இருக்கக் கூடாதா? இருக்கக் கூடாதா?

மார்ச் 9, ஞாயிறு

எழுத எதுவும் இல்லை.

மார்ச் 15, சனி

போகவில்லை. அவர் கேட்டார். தலைவலி என்றேன். மூன்று மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றேகாலுக்குப் பார்த்தேன்.

மார்ச் 19, புதன்

பத்து நிமிடம், பேனாவைத் தூக்காமல் கொட்டினேன். கொட்டியதில் வந்தது: சமையலறைக் குழாயடி. அவள் பாத்திரம் கழுவ முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டது. இடது கையில் நாலு விரல் தடம், ஊதா நிறம். அவள் என்னைப் பார்த்தது. நான் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டது. பிறகு கூடம். மாமனார் கேட்டது. என் பதில். மறுநாள் காலை அவள் பெட்டியை நானே வாசல்வரை தூக்கி வந்தது. அதன்பின் இரண்டு வருடம் அவள் அங்கே இருந்தாள். தானாகத்தான் வெளியே வந்தாள், யாரையும் கேட்காமல்.

பெட்டியைத் தூக்கினேன். அது மறந்தே போயிருந்தது.

மார்ச் 20, வியாழன்

குறிப்புச்சட்டகம் போட்டேன். மையக்கருத்து: அன்று நான் பேசியிருக்க வேண்டும். மறுக்க இடமிருக்கிறதா? இருக்கிறது. நானே பன்னிரண்டு நாளாக மறுத்துக்கொண்டிருக்கிறேன்.

எதிர்வாதத்துக்கு ஒரு முழுப் பத்தி கொடுத்தேன். மருமகள், பயம், வந்தவள் பிரிக்கிறாள் என்ற பேச்சு, எல்லாம். ஐயா செய்வது மாதிரி, என் தரப்பை என்னால் முடிந்த அளவு பலமாகச் சொன்னேன். பிறகு பதில் எழுதினேன். எனக்கு அவர்கள் பேச்சுக்குத்தான் பயம். அவளுக்கு அந்த வீட்டுக்குப் பயம். இரண்டும் ஒன்றில்லை.

நான்கு வரைவு. 'எனத் தெரிகிறது' எங்கும் இல்லை.

மார்ச் 22, சனி

மூன்று மணிக்குப் போனேன். கதவைத் திறந்தவள் நகர்ந்து வழிவிட்டாள். கட்டுரையை மேசையில் வைத்தேன். இந்த முறை சத்தமாக வாசிக்கவில்லை. நான் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். கீழே யாரோ தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முழுச் சண்டையையும் கேட்டேன், ஒரு சொல்கூட மண்டையில் ஏறவில்லை.

திரும்பியபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே திருத்திக்கொண்டிருந்தாள். திருத்திக்கொண்டிருந்தாள்! இரண்டாம் பத்தியில் 'சான்று போதாது'. மூன்றாம் பத்தியில் 'ஒரே கருத்து இருமுறை'. நான்காம் பத்தி முழுவதையும் சுற்றி அம்பு போட்டு 'இது முதலில் வர வேண்டும்'. ஓர் இடத்தில் 'பெட்டி — எனக்கும் மறந்துபோச்சு' என்று மட்டும்.

"முடிவுரைல மன்னிப்புக் கேட்டிருக்கீங்க. எடுத்துடுங்க."

"ஏன், கேட்கக் கூடாதா?"

"கட்டுரை முழுக்க அதைத்தான் செய்யுது. கடைசில தனியா எதுக்கு? வாங்க, டீ ஆறுது."

இவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள், அல்லது தாளைக் கிழித்திருப்பார்கள். இவள் என் குற்றத்தையும் ஒரு நல்ல கட்டுரையாக ஆக்கப் பார்க்கிறாள்.

ஏப்ரல் 5, சனி

இரண்டு மணி நேரத்தில் ஒரு கட்டுரை. பிறகு திருத்தம் வேறு, பிழைபார்ப்பு வேறு என்று பாடம். முதலில் கருத்தும் வரிசையும் சரியா என்று பார்க்க வேண்டும். கால்புள்ளி கடைசியில். நான் எப்போதும் கால்புள்ளியிலிருந்துதான் தொடங்குவேன். "வீடே சாய்ஞ்சு நிக்குது, நீங்க சன்னலைத் துடைக்கிறீங்க" என்றாள்.

ஏப்ரல் 19, சனி

கடைசி வகுப்பு. நாங்கள் இருவரும் இப்போது நிறையப் பேசுகிறோம், சம்பந்தமில்லாததெல்லாம். இன்று தற்செயலாகக் கேட்டேன், அவளுக்கு விவாகரத்து முடிந்து எத்தனை வருடம் என்று. முடியவே இல்லையாம். வழக்கே போடவில்லையாம்.

"யாரோ ஒரு வக்கீல்கிட்டப் போய் முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லணும். யார் நம்புவா? நீங்க பாஸ் பண்ணி வக்கீலாகுங்க அண்ணி. முதல் கேஸ் என்னோடது. ஏழு வருஷம் ஓட்டியாச்சு, இன்னும் மூணு வருஷம்தானே."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் இனி இந்தத் தேர்வு எனக்கு மட்டுமானதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

தேர்வு முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தலைப்பு: பொது இடங்களில் கண்காணிப்புக் கேமரா தேவையா? கொட்டினேன், பொறுக்கினேன், சட்டகம் போட்டேன். மையக்கருத்து, 'தேவை'. இரண்டு பக்கம் தடையில்லாமல் போனது. எதிர்வாதப் பத்தி எழுதும்போது கை நின்றது. கேமரா எல்லாவற்றையும் பார்க்கும், யாராவது போய்க் கேட்காத வரைக்கும் வாயைத் திறக்காது என்று எழுதினேன். எழுதியதை வாசித்தேன். என் எதிர்வாதம் என் வாதத்தைவிடச் சரியாக இருந்தது.

மணி பார்த்தேன். எழுபது நிமிடம் பாக்கி. மூன்று மாதம் முன்பு என்றால் இரண்டு தரப்பையும் விட்டுவிட்டு ஒத்திவைத்திருப்பேன். இன்று அந்த இரண்டு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். புதிய மையக்கருத்து: ஒரு தெருவுக்குக் கேமராவைவிட, பார்த்ததைப் பயப்படாமல் சொல்லும் மனிதர்கள் தேவை. முடிவுரையில் மன்னிப்பும் கேட்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. இரண்டு நிமிடம் மிச்சம். என் வாழ்நாளில் நான் எழுதியதில் அதுதான் நன்றாக எழுதியது. சந்தேகமே இல்லை. இது என் கருத்து!

வீட்டுக்கு வந்து அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ரெண்டு பக்கத்தை அடிச்சுட்டேன், தெரியுமா என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "அடிச்சதுக்கு ஓரத்துல கையெழுத்துப் போட்டியா?" என்று கேட்டார்.

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

போட்டேன். ரெண்டு பக்கத்துலயும் போட்டேன். கை தானா... ஐயோ, அட்டையிலயே அச்சடிச்சிருந்தானே. 'விடைத்தாளில் பெயர், கையெழுத்து, அடையாளக் குறி எதுவும் இருத்தல் கூடாது, மீறினால் திருத்தப்படாது.' படிச்சேனே. ரெண்டு தடவை படிச்சேனே!

ஏப்ரல் 28, திங்கள்

நாத்தனாரிடம் சொன்னேன். "கவனிக்காம விட்டுடுவாங்க அண்ணி" என்றாள். முதல் முறையாக அவள் சான்றில்லாமல் ஒன்று சொல்கிறாள்.

மே 23, வெள்ளி

கடிதம் வந்தது. 'தங்கள் விடைத்தாளில் அடையாளக் குறி காணப்பட்டமையால் அது மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.' ஒரே வாக்கியம். சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லிவிட்டார்கள். நல்ல நடை.

வழக்குப் போட முடியாது. விதி அச்சில் இருக்கிறது, கையெழுத்து என்னுடையது. மனு எழுத நானே உட்கார்ந்தாலும் நானே தோற்பேன்.

மே 24, சனி

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் வெளியே நின்று, "நான் வாயை வச்சிருக்கக் கூடாது" என்றார். பாவம், அவர் வாய் என்ன செய்தது?

வருத்தமெல்லாம் ஒன்றுதான். அதை யாருமே வாசிக்கவில்லை.

மே 31, சனி

மூன்று மணிக்குப் போனேன், பழக்கதோஷம். தேர்வில் எழுதியதை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதச் சொன்னாள். எழுதினேன். வாசித்தாள். மேலேயிருந்து மறுபடி வாசித்தாள்.

"இதை நான் எழுதியிருக்கணும்" என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் வாங்கிய எந்தச் சம்பள உயர்வும் இதற்கு ஈடில்லை.

அப்புறம் அவள்தான், "சரி, என் கேஸும் போச்சு" என்று சிரிக்கப் பார்த்தாள். அது சிரிப்பாக வரவில்லை.

"போகலை. நீ காத்துட்டு இருந்ததே தப்பு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "காரணம்?"

"மூணு இருக்கு. ஒண்ணு, ஏழு வருஷம் போதும். ரெண்டு, எங்க கோர்ட்டுக்கு வர்ற வக்கீல்கள்ல நல்லவங்க யாரு, வாய்ச்சவடால் யாருன்னு எனக்குத் தெரியும். ஒரு அம்மா இருக்காங்க, கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடி கேஸ் கட்டை முழுசாப் படிச்சிருப்பாங்க. அவங்ககிட்டப் போறோம்."

"மூணாவது?"

"நான் வக்கீலாகியிருந்தா உன் கேஸ்ல நான் சாட்சியா நிக்க முடியாது. ஒரே ஆளு ரெண்டும் ஆக முடியாது. உனக்கு வக்கீலுக்கு எத்தனை பேர் வேணும்னாலும் கிடைப்பாங்க. அந்தக் கையைப் பார்த்தவ நான் ஒருத்திதான்."

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். பிறகு நானே போய் டீ போட்டேன்.

ஜூன் 4, புதன்

அவரிடம் சொன்னேன், உங்கள் அப்பா, பெரியப்பா எல்லாரும் கோபப்படுவார்கள் என்று. "நானும்தான் அந்தக் கூடத்துல உட்கார்ந்திருந்தேன். எனக்கும் சேர்த்து சொல்லு" என்றார்.

ஜூன் 18, புதன்

வக்கீல் அலுவலகம். மாடிப்படி குறுகல், உள்ளே இரண்டே நாற்காலி, நான் நின்றேன். நாத்தனார் பேசினாள். முதலில் கேள்வி, பிறகு காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் தேதி. வக்கீலம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பார்க்க மாட்டாரா பின்னே! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, என் வாக்குமூலத்தை நானே என் சொல்லில் எழுதி வரச் சொன்னார். "ஒரு விஷயம்மா. நீங்க என்ன நினைக்கிறீங்க, என்ன செஞ்சிருக்கணும், அதெல்லாம் வேண்டாம். கருத்தே கூடாது. பார்த்ததை மட்டும் எழுதுங்க."

நாத்தனார் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு நாங்கள் ஏன் அப்படிச் சிரித்தோம் என்று கடைசிவரை புரியவில்லை.

ஜூன் 21, சனி

மாலை மூன்று முதல் ஆறு வரை, நாத்தனார் வீட்டு மேசை. குழாயடி, முழுக்கைச் சட்டை, இடது கை, நான்கு தடங்கள், தேதி, கூடத்தில் யார் யார் இருந்தார்கள், மாமனார் கேட்டது, என் பதில். ஐந்து வரைவு. அவள் நான்கு இடத்தில் வரிசையை மாற்றச் சொன்னாள், நான் மூன்றை ஒத்துக்கொண்டேன், ஒன்றுக்கு மறுத்துவிட்டேன். அவள் யோசித்துப் பார்த்து, நான் சொன்னதுதான் சரி என்றாள்.

முதல் வரி முதல் வரைவிலிருந்தே மாறவில்லை. "நான் பார்த்தேன்."